ஒரு வட்டு கெட்டால் என்ன ஆகும்?

மாணவ நண்பர்களே, முதலில் ஒரு சிறு விளையாட்டு. உங்கள் தோழர்கள் மூவரை அழைத்து, ஆளுக்கொரு துண்டுச் சீட்டில் ஏதேனும் ஓர் எண்ணை எழுதச் சொல்லுங்கள். முதல் சீட்டில் 14, இரண்டாவதில் 9, மூன்றாவதில் 27 என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் நான்காவது சீட்டு ஒன்றை எடுத்து, இம்மூன்றின் கூட்டுத்தொகையான 50-ஐ அதில் குறித்துக்கொள்ளுங்கள். காற்றடித்து இரண்டாம் சீட்டு பறந்துவிட்டது. அதில் இருந்த எண் என்ன?

50-லிருந்து 14-ஐயும் 27-ஐயும் கழித்துப் பாருங்கள். விடை 9. சீட்டு போயிற்று, எண் போகவில்லை!

இதில் ஒரு நுட்பம் இருப்பதைக் கவனித்தீர்களா? இரண்டாம் சீட்டுக்கு நாம் நகல் எடுத்து வைக்கவில்லை. எந்தச் சீட்டு பறக்கப் போகிறது என்பதும் நமக்கு முன்கூட்டித் தெரியாது. ஆயினும் மூன்று சீட்டுகளுக்கும் பொதுவாக ஒரே ஒரு சீட்டைக் கூடுதலாக வைத்துக்கொண்டதால், எந்த ஒன்று தொலைந்தாலும் அதை மீட்டுவிட முடிகிறது. இரண்டு சீட்டுகள் ஒரே சமயத்தில் பறந்துவிட்டாலோ, மீட்க வழியில்லை.

கணிப்பொறிகளில் செய்திகளைக் காக்கும் 'ரெய்ட்' என்னும் முறைக்கு அடிப்படை இந்தச் சீட்டு விளையாட்டுத்தான். அதை ஒரு சர்வரில் எப்படி அமைக்கிறார்கள், அது எதைக் காக்கும், எதைக் காக்காது என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

வட்டு ஏன் கெடுகிறது?

பல கணிப்பொறிகளுக்குப் பொதுவான செய்திகளை ஓரிடத்தில் வைத்திருந்து, கேட்கும்போது எடுத்து வழங்கும் கணிப்பொறிக்கு சர்வர் என்று பெயர். வங்கிக் கணக்கு, ரயில் முன்பதிவு, மருத்துவமனைக் குறிப்பு ஆகிய எல்லாம் ஏதோ ஒரு சர்வரின் வட்டுகளில்தான் பதிந்திருக்கின்றன. இங்கு வட்டு என்று சொல்வது, கடைகளில் 'ஹார்டு டிஸ்க்' என்று கேட்டு வாங்கும் பொருளைத்தான்.

அதன் உள்ளே காந்தப் பூச்சுள்ள தட்டுகள் சுழல்கின்றன. நிமிடத்துக்கு 7200 சுற்று என்பது பரவலாகக் காணப்படும் வேகம். அதாவது, நீங்கள் ஒருமுறை கண் சிமிட்டுவதற்குள் தட்டு பல சுற்றுகள் சுற்றி முடித்துவிடும். அதன்மேல் எழுதவும் படிக்கவும் உதவும் 'தலை', தட்டைத் தொடாமல், சில நானோமீட்டர் இடைவெளியில் மிதந்து செல்கிறது. ஒரு தலைமயிரின் தடிமனில் சில ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத இடைவெளி அது! தூசி, அதிர்ச்சி, வெப்பம், தேய்மானம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றால் இந்த ஏற்பாடு ஒரு நாள் பழுதாகவே செய்யும். சுழலும் பகுதியே இல்லாத எஸ்.எஸ்.டி. வகைச் சேமிப்பகங்கள் இப்போது பெருகியுள்ளன. அவையும் கெடக்கூடியவையே.

ஆகவே, வட்டு கெடுமா என்று கேட்பதில் பொருளில்லை. கெடும்போது நம்மிடம் என்ன ஏற்பாடு இருக்கிறது என்றுதான் கேட்க வேண்டும்.

முந்நூறு மணி நேரக் கணக்கு

1956-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் ராமாக் என்ற கணிப்பொறியை வெளியிட்டது. அதன் வட்டுப் பெட்டியில் 24 அங்குல விட்டமுள்ள தட்டுகள் ஐம்பது இருந்தன. அத்தனையும் சேர்ந்து கொண்ட எழுத்துகள் 50 இலட்சம் மட்டுமே. அதன் பின்னர், பெரிய கணிப்பொறிகளுக்கான வட்டுகள் கொள்ளளவில் பெருகின. விலையும் மிக அதிகமாகவே இருந்தது. 1980-களில் மேசைக் கணிப்பொறிகள் பரவியபோது, சிறிய மலிவான வட்டுகள் சந்தைக்கு வந்தன.

அமெரிக்காவில் பெர்க்லியிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் ஆகிய மூவரும் 1988-இல் ஓர் ஆய்வுரை வெளியிட்டனர். விலை உயர்ந்த ஒரு பெரிய வட்டுக்குப் பதிலாக, மலிவான சிறு வட்டுகள் பலவற்றை அணியாகச் சேர்த்தால் என்ன என்பதே அவர்கள் எழுப்பிய வினா. பல வட்டுகள் ஒரே நேரத்தில் வேலை செய்வதால் வேகம் கூடும். ஆனால், அவர்களே ஒரு சிக்கலையும் கணக்கிட்டுக் காட்டினர். ஒரு வட்டு பழுதின்றி இயங்கும் காலம் சராசரியாக 30,000 மணி என்று கொண்டால், 100 வட்டுகள் உள்ள அணியில் ஏதேனும் ஒன்று பழுதாவதற்கு ஆகும் சராசரிக் காலம் 30,000-ஐ 100-ஆல் வகுக்கக் கிடைக்கும் 300 மணி. அதாவது இரண்டு வாரம்கூட இல்லை!

திருவிழாப் பந்தலில் தொடர் இணைப்பில் கட்டிய சீரியல் விளக்குகளைப் பார்த்திருப்பீர்கள். விளக்குகள் கூடக் கூட அழகும் கூடும். ஆனால், ஒன்று பியூஸ் போனாலும் சரம் முழுவதும் அணைந்துவிடும். வட்டுகளை வெறுமனே சேர்த்துக் கட்டினால் அதே கதிதான். சரத்தில் ஒன்று போனாலும் மற்றவை எரிய வேண்டும் என்றால், கூடுதலாக ஏதேனும் சேர்த்தாக வேண்டும். மலிவான வட்டுகளோடு இத்தகைய மிகைப்பாட்டையும் சேர்த்த அணி என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளே 'ரெய்ட்' என்று ஆயின. பிற்காலத்தில் அத்தொடரிலிருந்த 'மலிவான' என்ற சொல்லுக்குப் பதிலாகத் 'தனித்தனியான' என்ற சொல்லும் வழக்குக்கு வந்தது.

கெட்டுப்போன ஒரு சேமிப்பகத்தின் செய்தியை மற்றவற்றிலிருந்து மீட்கும் முறைக்கு, இதற்குப் பத்தாண்டு முன்னரே, 1978-இல், ஐ.பி.எம். நிறுவனத்தின் நார்மன் கென் ஊச்சி காப்புரிமை பெற்றிருந்தார் என்பதையும் இங்குச் சொல்ல வேண்டும்.

ஒன்றும் பூச்சியமும் காட்டும் வித்தை

கணிப்பொறிக்குத் தெரிந்தவை 1, 0 என்னும் இரண்டு இலக்கங்களே. இவற்றை பிட் என்பர். நம் சீட்டு விளையாட்டில் கூட்டினோம், கழித்தோம். பிட்டுகளுக்கு அதைவிட எளிய விதி ஒன்று போதும்: ஒரே வரிசையிலுள்ள 1-கள் எத்தனை என்று எண்ணுங்கள். அவை ஒற்றைப்படையாக இருந்தால் கூடுதல் வட்டில் 1 எழுதுங்கள். இரட்டைப்படையாக இருந்தால் 0 எழுதுங்கள். இப்படி எழுதும் பிட்டுக்குப் பாரிட்டி என்று பெயர்.

மூன்று வட்டுகளில் நான்கு நான்கு பிட்டுகள் இப்படி இருப்பதாகக் கொள்வோம்:

முதல் வட்டு: 1 0 1 1
இரண்டாம் வட்டு: 0 0 1 0
மூன்றாம் வட்டு: 1 1 0 1
பாரிட்டி: 0 1 0 0

மேலிருந்து கீழாக எண்ணிப் பாருங்கள். முதல் நிரலில் 1, 0, 1. இரண்டு 1-கள் இருப்பதால் பாரிட்டி 0. இரண்டாம் நிரலில் 0, 0, 1. ஒரே ஒரு 1 இருப்பதால் பாரிட்டி 1. மற்றவையும் அவ்வாறே.

இனி இரண்டாம் வட்டைக் கையால் மறைத்துக்கொள்ளுங்கள். மிஞ்சியுள்ள மூன்று வரிகளுக்கும் அதே விதியைப் பயன்படுத்துங்கள். முதல் நிரலில் 1, 1, 0, எனவே 0. இரண்டாம் நிரலில் 0, 1, 1, எனவே 0. மூன்றாவதில் 1, 0, 0, எனவே 1. நான்காவதில் 1, 1, 0, எனவே 0. கிடைப்பது 0 0 1 0. கையை எடுத்துப் பாருங்கள், இரண்டாம் வட்டில் இருந்தது அதுவேதான்! பாரிட்டியைக் கணக்கிடுவதற்கும் தொலைந்ததை மீட்பதற்கும் ஒரே விதி போதும் என்பது இம்முறையின் அழகு.

எத்தனை வகை?

வட்டுகளை அணிசேர்க்கும் முறைகளை எண்களால் குறிப்பர். தலைக்கு 4 டெராபைட் கொள்ளளவுள்ள நான்கு வட்டுகள் நம்மிடம் இருப்பதாகக் கொள்வோம்.

ரெய்ட் 0: செய்தியைப் பட்டைகளாக வெட்டி நான்கு வட்டுகளிலும் மாறி மாறி எழுதுவது. 16 டெராபைட்டும் கிடைக்கும், வேகமும் மிகுதி. ஆனால் இதில் கூடுதல் சீட்டு எதுவும் இல்லை. ஒரு வட்டு போனால் எல்லாம் போகும். சீரியல் விளக்குச் சரம் இதுதான்.

ரெய்ட் 1: ஒரு வட்டில் எழுதுவதையே இன்னொன்றிலும் எழுதுவது. கண்ணாடியில் தெரியும் உருவம் போல இரண்டும் ஒன்றாகவே இருக்கும். இத்தகைய இரட்டைகளைச் சேர்த்து, அவற்றின்மீது பட்டைகளாக எழுதினால் அது ரெய்ட் 10. நான்கு வட்டுகளில் 8 டெராபைட் கிடைக்கும்.

ரெய்ட் 5: பாரிட்டி முறை. ஒரு வட்டின் அளவு பாரிட்டிக்குப் போக, 12 டெராபைட் கிடைக்கும். பாரிட்டி முழுவதையும் ஒரே வட்டில் வைத்தால், எதை எழுதினாலும் அந்த வட்டையும் தொட வேண்டியிருக்கும். அங்கே நெரிசல் உண்டாகும். ஆகவே முதல் வரிசைக்கு ஒரு வட்டு, அடுத்த வரிசைக்கு வேறொரு வட்டு என்று பாரிட்டியைச் சுற்றிச் சுற்றி வைக்கின்றனர். வகுப்பில் கரும்பலகை துடைக்க முறை வைப்பதைப் போல என்று சொல்லலாம்.

ரெய்ட் 6: வெவ்வேறு கணக்கால் பெறப்பட்ட இரண்டு காப்புப் பிட்டுகளை வைப்பது. நான்கு வட்டுகளில் 8 டெராபைட் கிடைக்கும். எந்த இரண்டு வட்டுகள் ஒருசேரக் கெட்டாலும் செய்தி தப்பும்.

சர்வரில் அமைக்கும் முறை

பாரிட்டிக் கணக்கைச் சர்வரின் மூளையே செய்யலாம். அது மென்பொருள் வழி ரெய்ட். இதற்கென்றே தனிச் செயலியும் நினைவகமும் கொண்ட கட்டுப்பாட்டு அட்டை ஒன்றைச் செருகி, அதனிடம் வேலையை ஒப்படைக்கலாம். அது வன்பொருள் வழி ரெய்ட். பின்னதில், வட்டுகள் நான்காக இருந்தாலும், சர்வரின் இயக்கத் தொகுப்புக்கு ஒரே பெரிய வட்டாகத்தான் தெரியும்.

அமைக்கும்போது ஒரே கொள்ளளவுள்ள வட்டுகளைத் தேர்ந்தெடுப்பது நல்லது. ஒன்று மட்டும் சிறியதாக இருந்தால், மற்றவற்றிலும் அந்த அளவுதான் பயன்படும். வட்டுகளைச் செருகி மின்சாரம் கொடுத்ததும், திரையில் கட்டுப்பாட்டு அட்டையின் அறிவிப்பு தோன்றும். அது கூறும் விசையை அழுத்தினால் அமைப்புப் பட்டியல் வரும். அதில் வட்டுகளைக் குறித்து, ரெய்ட் வகையைத் தெரிவு செய்ய வேண்டும். பட்டையின் அளவையும் கேட்கும். 64 கிலோபைட், 256 கிலோபைட் போன்ற அளவுகளைக் காணலாம். சிறு சிறு பதிவுகள் மிகுந்த வேலைக்கும், நீண்ட படக்கோப்புகளைக் கையாளும் வேலைக்கும் பொருத்தமான அளவு வேறுபடும்.

ஒன்றை நினைவில் வையுங்கள்: புதிய அணியை உருவாக்கித் துவக்கும்போது அந்த வட்டுகளில் முன்னர் இருந்தவை அழிந்துவிடும். 'சரிதானா?' என்று அட்டை கேட்கும்போது பதறாமல் படித்துப் பார்த்தே பதில் சொல்ல வேண்டும். இது ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

அடுத்தது எழுதும் முறை. ரெய்ட் 5-இல் ஒரு சிறு செய்தியை மாற்ற வேண்டுமானால், பழைய செய்தியைப் படித்து, பழைய பாரிட்டியைப் படித்து, புதிய செய்தியை எழுதி, புதிய பாரிட்டியை எழுத வேண்டும். ஆக நான்கு வேலைகள். செய்தியை எழுதி, பாரிட்டியை எழுதுவதற்குள் மின்சாரம் நின்றுவிட்டால் என்ன ஆகும்? இரண்டும் பொருந்தாமல் போகும். பின்னொரு நாள் வட்டு கெட்டு, அந்தப் பாரிட்டியை நம்பி மீட்டால் தவறான விடை வரும். இதைத் தடுக்கவே நல்ல அட்டைகளில் ஒரு மின்கலம் இருக்கிறது. எழுதி முடியாத செய்தியை அது அட்டையின் நினைவகத்தில் உயிரோடு வைத்திருக்கும். மின்சாரம் திரும்பியதும் அட்டை எழுதி முடிக்கும். மின்கலம் சோர்ந்துவிட்டதா என்று அவ்வப்போது பார்ப்பதும் சர்வரைக் காப்பவரின் வேலையே.

முடிந்தால் ஐந்தாவது வட்டு ஒன்றை உதிரியாகச் செருகி வைக்கலாம். அணியில் ஒன்று கெட்டவுடன், நள்ளிரவானாலும், அட்டை தானாகவே உதிரியை எடுத்துக்கொண்டு மீட்பைத் தொடங்கிவிடும்.

மீட்கும் நேரமே ஆபத்தான நேரம்

4 டெராபைட் வட்டு ஒன்றை, நொடிக்கு 150 மெகாபைட் வேகத்தில் நிரப்ப எவ்வளவு நேரமாகும்? 40 இலட்சம் மெகாபைட்டை 150-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 26,700 நொடி; அதாவது ஏழரை மணிக்குச் சற்றுக் குறைவு. சர்வர் தன் வழக்கமான வேலையையும் செய்துகொண்டிருந்தால் இன்னும் நீளும். ரெய்ட் 5-இல் இந்த நேரம் முழுவதும் காப்பு என்பதே இல்லை. மீதியுள்ள மூன்று வட்டுகளையும் ஒரு மூலை விடாமல் படித்தாக வேண்டும். அவற்றில் ஒன்று இப்போது கெட்டால் எல்லாம் போகும். வட்டுகள் பெரிதாகப் பெரிதாக இந்த ஆபத்தான நேரமும் நீள்கிறது. பெரிய வட்டுகளுக்குப் பலர் ரெய்ட் 6-ஐ விரும்புவதற்குக் காரணம் இதுவே.

நான் செய்த தவறு

எங்கள் கல்லூரியின் இயற்பியல் துறையில் மாணவர்கள் நாள்தோறும் மூன்று வேளை வெப்பநிலை, ஈரப்பதம், மழையளவு ஆகியவற்றைக் குறித்து வருகிறார்கள். அவற்றை ரெய்ட் 5 முறையில் நான்கு வட்டுகள் கொண்ட ஒரு சிறு சர்வரில் சேர்த்து வைத்திருந்தோம். 2018-ஆம் ஆண்டில் ஒருநாள் காலை சர்வர் விடாமல் கூவியது. 'வட்டு எண் 2 பழுது' என்று திரை காட்டியது. மாணவர்கள் எல்லாரும் சுற்றி நின்றார்கள். ரெய்ட் அணியில் வட்டை மாற்றுவது எவ்வளவு எளிது என்று அவர்களுக்குக் காட்ட நினைத்து, இடப்புறமிருந்து ஒன்று, இரண்டு என்று எண்ணி, இரண்டாவது வட்டை உருவினேன். அணி முழுவதும் அந்த நொடியே நின்றுபோயிற்று.

என்ன நடந்தது தெரியுமா? அந்தச் சர்வரில் வட்டுகளின் எண் பூச்சியத்திலிருந்து தொடங்குகிறது! 0, 1, 2, 3. நான் உருவியது நன்றாக இருந்த 1-ஆம் எண் வட்டு. கெட்டது ஒன்று, நான் எடுத்தது ஒன்று. ஆக இரண்டு சீட்டுகள் பறந்துவிட்டன. கெட்ட வட்டின் முகப்பில் ஆரஞ்சு விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. நான் அதைப் பார்க்கவில்லை.

உருவிய வட்டை உடனே திரும்பச் செருகினேன். அட்டை அதை அயல் வட்டு என்று கருதி ஏற்க மறுத்தது. இந்நிலையிலிருந்து மீள வழிகள் உண்டு. ஆனால் பதற்றத்தில் திரை கேட்டதற்கெல்லாம் 'சரி' என்று அழுத்தினேன். அவற்றில் ஒன்று, அணியைப் புதிதாகத் துவக்கும் கட்டளை.

தனி வட்டு ஒன்றில் எடுத்து அலமாரியில் பூட்டி வைத்திருந்த நகலால் பெரும்பகுதி தப்பியது. ஆனால் அந்த நகல் 19 நாட்களுக்கு முந்தையது. இடைப்பட்ட நாட்களின் 57 வேளை அளவுகள் எங்கே? மாணவர்கள் பென்சிலால் எழுதிய பதிவேட்டில் இருந்தன! அன்று பிற்பகல் முழுவதும் ஒருவர் படிக்க ஒருவர் தட்டச்சு செய்ய, ஒன்றுவிடாமல் மீட்டுவிட்டார்கள். என்மீது ஒருவரும் குறை சொல்லவில்லை. அடுத்த நாள் பார்த்தால், வட்டுகளின் முகப்பில் 0, 1, 2, 3 என்று பெரிதாக எழுதிய காகிதத் துண்டுகள் ஒட்டப்பட்டிருந்தன.

காப்பது எது?

ரெய்ட் வட்டின் பழுதிலிருந்து காக்கும். நம் பிழையிலிருந்து காக்காது. ஒரு கோப்பைத் தவறுதலாக அழித்தால், அணியிலுள்ள எல்லா வட்டுகளும் கீழ்ப்படிந்து ஒற்றுமையாக அழித்துவிடும். தீ, வெள்ளம், திருட்டு, கெடுதல் செய்யும் நிரல்கள் ஆகியவற்றுக்கும் பாரிட்டியிடம் பதில் இல்லை. ஆகவே வேறோர் இடத்தில், சர்வரோடு இணைக்காத ஒரு நகல் கட்டாயம் வேண்டும். அதைத் திறந்து பார்த்து, படிக்க முடிகிறதா என்று அவ்வப்போது சோதிக்கவும் வேண்டும். வட்டு கெட்டாலும் வேலை நிற்காமல் நடக்க ரெய்ட். எல்லாமே போனாலும் மீண்டும் தொடங்க நகல். ஒன்றின் வேலையை மற்றது செய்யாது.

செய்து பாருங்கள்

முதல் வட்டில் 0 1 1 0, மூன்றாம் வட்டில் 1 1 0 0, பாரிட்டியில் 0 0 1 1 உள்ளன. இரண்டாம் வட்டு கெட்டுவிட்டது. அதில் இருந்தது என்ன? கண்டுபிடித்த பின், அந்த நான்கு பிட்டுகளையும் இரும எண்ணாகக் கொண்டு, நாம் வழக்கமாக எழுதும் எண்ணாக மாற்றுங்கள். விடை 9 என்று வந்தால், காற்றில் பறந்த அந்தச் சீட்டை நீங்கள் இன்னொரு முறை மீட்டுவிட்டீர்கள் என்று பொருள்!